புல்லட்டின் முன்கால்கள்
பழைய மோட்டார் சைக்கிளின் ஃபோர்க்கைக் கழற்றிச் சீர் செய்யும் முறை

தலைநகரில் நம்மவர் வசிக்கும் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலும் வண்டி நிறுத்தும் இடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். ஏதாவது ஒரு தூண் மறைவில் தார்ப்பாய் போர்த்திய பழைய புல்லட் ஒன்று நின்றுகொண்டிருக்கும். அப்பா ஓட்டியது, மாமனார் கொடுத்தது, முதல் சம்பளத்தில் வாங்கியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. விற்க மனம் வராது, ஓட்டவும் துணிவு வராது. ஓய்வு பெற்ற பிறகு பலருக்கு அதன் மீது மறுபடியும் கண் போகிறது. எஞ்சினைச் சீர்செய்து, பெயின்ட் அடித்து, 'டுப் டுப்' என்ற அந்தச் சத்தத்தைக் கேட்டதும் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுகிறார்கள்.

அங்கேதான் ஆபத்து காத்திருக்கிறது. எஞ்சின் நின்றுபோனால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வந்து சேரலாம். முன்ஃபோர்க் கைவிட்டால் ஓட்டுகிறவர் வீடு திரும்புவதே நிச்சயமில்லை. ஹேண்டிலைத் திருப்புவது, குழிகளின் அதிர்ச்சியைத் தாங்குவது, பிரேக் பிடிக்கும்போது முன்னால் சாயும் பாரத்தைச் சுமப்பது ஆகிய மூன்று வேலைகளும் அந்த இரண்டு குழாய்களின் தலையில்தான். ஆகவே அவற்றைக் கழற்றி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து, சீர்செய்து மறுபடி மாட்டும் முறையை இங்கே படிப்படியாகப் பார்ப்போம். நீங்களே செய்யாவிட்டாலும் பரவாயில்லை. மெக்கானிக் என்ன செய்கிறார், எதைச் செய்யாமல் விடுகிறார் என்று தெரிந்துகொண்டு பக்கத்தில் நிற்பதும் ஒரு பாதுகாப்புதான்.

எந்த வண்டி?

நாம் எடுத்துக்கொள்வது பழைய 350 சி.சி. புல்லட். இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 'புல்லட்' என்ற பெயரில் 1932லேயே வண்டி வெளியிட்டது. நாம் இன்று அறிந்த வடிவம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1940களின் இறுதியில் வந்தது. நம் இராணுவத்துக்கு எல்லைப் பகுதிகளில் ஓட உறுதியான வண்டி தேவைப்பட்டபோது அதைத் தேர்ந்தெடுத்தார்கள். 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ஆங்கிலேய நிறுவனமும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாயிற்று. தொழிற்சாலை சென்னையை அடுத்த திருவொற்றியூரில் அமைந்தது. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். பிறகு பாகங்களையும் இங்கேயே செய்தார்கள். 1970ஐ ஒட்டி இங்கிலாந்தில் அந்த நிறுவனத்தின் தயாரிப்பு நின்றுபோயிற்று. திருவொற்றியூரிலோ நிற்கவில்லை. 1994ல் நிறுவனம் ஐஷர் குழுமத்தின் கைக்கு வந்தது.

இதனால் நமக்கு ஒரு பெரிய லாபம். ஆங்கிலேயர் வரைந்த அதே முன்ஃபோர்க், டிரம் பிரேக் வைத்த புல்லட்டுகளில் பல பத்தாண்டுகள் அதிக மாற்றமின்றித் தொடர்ந்தது. எனவே 1960களின் வண்டிக்கும் 1980களின் வண்டிக்கும் கழற்றும் முறை ஏறக்குறைய ஒன்றே. பிற்காலத்தில் வந்த டிஸ்க் பிரேக் வண்டிகளும் இன்றைய புல்லட்டும் அமைப்பில் வேறு. அவற்றுக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. உங்கள் வண்டிக்குரிய கைப்புத்தகம் கையில் இருந்தால் ஒவ்வொரு படியையும் அதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது?

ஆதிகால மோட்டார் சைக்கிள்களில் முன்சக்கரத்தை ஏணி போன்ற ஒரு சட்டம் தாங்கியிருந்தது. அதற்கு நடுவே ஒரே ஒரு ஸ்பிரிங். குழிக்குள் சக்கரம் இறங்கினால் வண்டி தவளை போலக் குதிக்கும். ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் நகரும்படி செய்து, குதிப்பை அடக்க உள்ளே எண்ணெயும் ஊற்றி, அதை விற்பனை வண்டியில் முதன்முதலாகக் கொண்டு வந்தது ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம். ஆண்டு 1935, வண்டியின் பெயர் ஆர்-12. போருக்குப் பிறகு மற்ற நிறுவனங்களும் அந்த வழிக்கே வந்தன.

புல்லட்டில் ஒவ்வொரு காலிலும் மேலே ஒரு எஃகுக் குழாய் உண்டு. பட்டறையில் இதை மெயின் டியூப் என்பார்கள். இதன் மேல்முனை, முகப்பு விளக்கைத் தாங்கும் வார்ப்புக் கூட்டுக்குள் மரை போட்டு இறுக்கப்பட்டிருக்கும். சற்றுக் கீழே ஃபோர்க் கிரவுன் என்ற குறுக்குத் துண்டு அதைக் கவ்விப் பிடித்திருக்கும். இந்தக் குழாய் அசையாது. இதன் மேல் உறை போல ஏறி இறங்குவது கீழ்க்குழாய், அதாவது பாட்டம் டியூப். சக்கரம் மாட்டியிருப்பது இதில்தான்.

கீழ்க்குழாயின் அடியிலிருந்து ஸ்பிரிங் ஸ்டட் என்ற தண்டு மேல்குழாய்க்குள் நீண்டிருக்கும். மேல்குழாய்க்குள் இருக்கும் ஸ்பிரிங்கை அழுத்துவது அதுதான். மேல்குழாயின் கீழ்வாயில் வால்வு போர்ட் என்ற மூடி உண்டு. ஸ்டட் அதன் வழியாகப் போய்வருகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள குறுகிய இடுக்கு வழியாகத்தான் எண்ணெயும் போய்வர வேண்டும்.

ஹோலியன்று குழந்தைகள் கையில் இருக்கும் பிச்காரியை நினைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக அழுத்தினால் தண்ணீர் சுலபமாக வெளியேறும். வேகமாக அழுத்தினால் கை வலிக்கும் அளவுக்கு எதிர்த்து நிற்கும். ஃபோர்க்கில் எண்ணெய் செய்வதும் இதையேதான். ஸ்பிரிங் பாரத்தைச் சுமக்கிறது, எண்ணெய் துள்ளலை அடக்குகிறது. எண்ணெய் ஒழுகிப்போன ஃபோர்க்கில் ஸ்பிரிங் மட்டும் இருக்கும். அப்போது ஒரு குழியில் விழுந்த வண்டி மூன்று முறை ஆடும், அடுத்த வளைவில் சக்கரம் தரையைச் சரியாகப் பற்றாது.

கழற்ற வேண்டுமா என்று எப்படித் தெரியும்?

எல்லா ஆட்டத்துக்கும் ஃபோர்க்கே காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, முன்சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கி நிறுத்துங்கள். சக்கரத்தின் முன்னே உட்கார்ந்து இரண்டு கால்களின் அடிப்பகுதியையும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டக் டக்' என்று கையில் தட்டினால், உடன் ஒருவரை ஹேண்டிலுக்குக் கீழே உள்ள கோன் செட் மீது விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டம் அங்கே தெரிந்தால் குறை கோன் செட்டில். மேல்குழாயும் கீழ்க்குழாயும் சேரும் இடத்தில் தெரிந்தால் உள்ளே புஷ் தேய்ந்திருக்கிறது.

அடுத்து, வண்டியைத் தரையில் இறக்கி முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை அழுத்தி விடுங்கள். முன்பக்கம் நிதானமாக எழுந்து நின்றால் நல்லது. இரண்டு மூன்று முறை ஆடி நின்றால் எண்ணெய் போதவில்லை. அமுங்கியபடியே நின்று தயங்கி எழுந்தால் குழாய் வளைந்திருக்கலாம், அல்லது இரண்டு கால்களும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை.

கீழ்க்குழாயின் வெளிப்புறத்தில் தூசியும் எண்ணெயும் சேர்ந்து கருப்பு மையாகப் படிந்திருந்தால் ஆயில் சீல் போய்விட்டது. இதை 'சும்மா லேசான கசிவு' என்று விட்டுவிடாதீர்கள். வழியும் எண்ணெய்க்குப் போக இடம் கீழேதான். கீழே இருப்பது பிரேக் டிரம். பிரேக் ஷூவில் எண்ணெய் ஏறினால், தேவையான நேரத்தில் பிரேக் பிடிக்காது. வேகமாக ஓடும் வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன்பிரேக்குக்கு உண்டு என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

ஆயத்தம்

புல்லட் 160 கிலோவுக்கு மேல் கனக்கும் வண்டி. முன்சக்கரத்தைக் கழற்றியதும் பாரம் பின்னே சாயும், நாம் ஃபோர்க்கோடு மல்லுக்கட்டும்போது முன்னேயும் சாயும். ஆகவே சமதரையில் நடு ஸ்டாண்டுக்கு அடியில் கனமான பலகை வைத்து உயர்த்துங்கள். எஞ்சினின் முன்பகுதிக்கு அடியில் ஒரு மரக்கட்டை முட்டுக் கொடுங்கள். செங்கல் வேண்டாம், அது நொறுங்கும். ஓர் உதவியாளர் கட்டாயம் இருக்க வேண்டும்.

தேவையான கருவிகள் அதிகமில்லை. அங்குல அளவு ஸ்பானர்கள், ஆயில் சீல் கூட்டுக்குப் பொருந்தும் பெரிய ஸ்பானர், வால்வு போர்ட்டைக் கழற்ற 'சி' வடிவ ஸ்பானர், ரப்பர் அல்லது மரச் சுத்தியல், எண்ணெய் பிடிக்க அகலத் தட்டு, மண்ணெண்ணெய், பழந்துணி ஆகியவை போதும். பழைய வண்டிகளின் நட்டுகள் பலவும் அங்குல அளவில் செய்யப்பட்டவை. 'ஏறக்குறையப் பொருந்துகிறதே' என்று மில்லிமீட்டர் ஸ்பானரை வைத்துத் திருகினால் நட்டின் மூலைகள் மழுங்கிவிடும். அதன் பிறகு உளியும் சுத்தியும்தான் கதி. பழைய வண்டிகளில் காணும் காயங்களில் பாதி இப்படி உண்டானவை.

தரையில் ஒரு பழைய வேட்டியை விரித்து நடுவே ஒரு கோடு போடுங்கள். இடது காலின் பாகங்கள் இடப்புறம், வலது காலின் பாகங்கள் வலப்புறம். கழற்றிய வரிசையிலேயே வைத்துக்கொண்டு போனால், திரும்ப மாட்டும்போது அந்த வேட்டியே வழி சொல்லும். ஒரு காலை முழுவதும் முடித்துவிட்டு அடுத்த காலைத் தொடுவது இன்னும் நல்லது. சந்தேகம் வந்தால் பார்க்க மற்றது முழுதாக இருக்கும்.

கழற்றும் வரிசை

1. பிரேக் கேபிளின் இறுக்கத்தைத் தளர்த்தி, டிரம் மூடியில் உள்ள நெம்பிலிருந்து விடுவியுங்கள். ஸ்பீடோமீட்டர் கேபிள் முன்சக்கரத்திலிருந்து வந்தால் அதையும் கழற்றுங்கள்.

2. ஒவ்வொரு காலின் அடியிலும் ஆக்சிலைக் கவ்வியிருக்கும் மூடி ஒன்று உண்டு. காலுக்கு இரண்டு நட்டு வீதம் நான்கு நட்டுகள். அவற்றைக் கழற்றினால் சக்கரம் கீழே இறங்கிவிடும். உதவியாளர் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளட்டும். இடது மூடி வலதுக்கும் வலது மூடி இடதுக்கும் மாறக் கூடாது. இப்போதே பொட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

3. மட்கார்டை அதன் கம்பிகளோடு கழற்றி எடுங்கள்.

4. விளக்குக் கூட்டின் மேல், அந்தந்தக் காலுக்கு நேராக உள்ள சிறு பிளக்கைக் கழற்றுங்கள். காற்று உள்ளே போனால்தான் எண்ணெய் கீழே இறங்கும்.

5. கீழே தட்டை வைத்துக்கொண்டு, கீழ்க்குழாயின் அடியில் உள்ள ஸ்பிரிங் ஸ்டட்டின் நட்டைக் கழற்றுங்கள். நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து சுழன்றால், உதவியாளர் கீழ்க்குழாயை மேல்நோக்கி அழுத்திப் பிடிக்கட்டும். ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் ஸ்டட் அசையாமல் நிற்கும். நட்டு வந்த பிறகு ஸ்டட்டின் முனையை மரச் சுத்தியலால் மெல்ல மேல்நோக்கித் தட்டுங்கள். இரும்புச் சுத்தியல் கூடாது, மரை நசுங்கிவிடும். ஸ்டட் உள்ளே போனதும் எண்ணெய் கொட்டும்.

வரும் எண்ணெயைக் கவனியுங்கள், அது கதை சொல்லும். கறுத்திருந்தால் வயது. பால் கலந்த காப்பி போல இருந்தால் மழைநீர் புகுந்திருக்கிறது. தங்கத் துகள் போல மின்னினால் புஷ் தேய்ந்து அதன் பொடி கலந்திருக்கிறது.

6. கீழ்க்குழாயை முடிந்தவரை கீழே இழுங்கள். அதுவரை மேலுறைக்குள் மறைந்திருந்த ஆயில் சீல் கூடு வெளியே தெரியும். ஸ்பானர் பிடிப்பதற்கென்றே அதில் தட்டையான பக்கங்கள் உண்டு. அதைத் திருகிக் கழற்ற வேண்டும். பல ஆண்டு வெயிலிலும் மழையிலும் கிடந்த வண்டியில் இது எளிதில் அசையாது. முந்தின இரவே மரையில் துரு நீக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். கொதிநீரில் முக்கிய துணியைக் கூட்டின் மீது சுற்றி, சூடேறிய பிறகு முயலுங்கள். பைப் ரெஞ்சை மட்டும் எடுக்காதீர்கள். அது கூட்டைக் கவ்வி நசுக்கி, வட்டத்தை முட்டையாக்கிவிடும். பிறகு எத்தனை புது சீல் போட்டாலும் ஒழுகும்.

7. கூடு கழன்றதும் கீழ்க்குழாய் முழுதாக இறங்கி வந்துவிடும். கீழ்க்குழாயின் புஷ், சீல் கூடு, சீல் ஆகிய மூன்றும் மேல்குழாயின் மீதே வளையம் போலத் தங்கியிருக்கும். அவசரப்பட்டு இழுக்க வேண்டாம்.

8. மேல்குழாயின் கீழ்வாயில் உள்ள வால்வு போர்ட்டை 'சி' ஸ்பானரால் கழற்றுங்கள். ஒரு கையால் கீழே தாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கும் ஸ்டட்டும் சேர்ந்து வெளியே வரும்.

9. மேல்குழாயின் முனையில் எஃகு புஷ் ஒன்று இருக்கும். முன்பு சொன்ன கீழ்க்குழாய் புஷ்ஷையே சறுக்கிக் கொண்டு வந்து மெல்லத் தட்டினால் அது கழன்றுவிடும். அதன் பிறகு கீழ்க்குழாய் புஷ், சீல், கூடு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும்.

மேல்குழாய் நேராகவும் வழுவழுப்பாகவும் இருந்தால் அதை அசைக்கவே வேண்டாம். வளைந்திருந்தாலோ துரு தின்றிருந்தாலோ மட்டும், ஃபோர்க் கிரவுனின் கவ்வு போல்ட்டைத் தளர்த்திவிட்டு விளக்குக் கூட்டிலிருந்து திருகிக் கழற்ற வேண்டும். கவ்வு போல்ட்டைத் தளர்த்தாமல் குழாயைத் திருகினால் மரை போய்விடும்.

ஓர் எச்சரிக்கை. இந்த முறை புல்லட்டுக்கு உரியது. பல ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகளில் ஸ்பிரிங்கை மேல்மூடியே அமுக்கி வைத்திருக்கும். அவற்றில் மூடியைக் கடைசி மரைவரை கவனமின்றித் திருகினால் அது முகத்தை நோக்கிப் பாயும். ஒரு வண்டியில் கற்றதை இன்னொரு வண்டியில் கண்ணை மூடிக்கொண்டு செய்யக் கூடாது.

பார்வையும் தீர்ப்பும்

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்ற தீர்ப்பு அது.

மேல்குழாயைக் கழற்றியிருந்தால் தடித்த கண்ணாடிப் பலகையின் மேல் உருட்டிப் பாருங்கள். அடியில் வெளிச்சம் விட்டுவிட்டுத் தெரிந்தால் குழாய் வளைந்திருக்கிறது. சற்று வளைந்த குழாயைப் பட்டறையில் அழுத்தி நிமிர்த்துவது நம் ஊர்களில் வழக்கம். வளைத்து நிமிர்த்திய கம்பி அந்த இடத்தில்தான் மறுபடி வளையும் என்பது குடைக்கம்பி வைத்திருப்பவருக்கும் தெரியும். குழாயில் மடிப்போ கீறலோ தெரிந்தால் எந்தக் காரணத்துக்காகவும் அதைப் பயன்படுத்தக் கூடாது. அது எவ்வளவு அசலான பாகமாக இருந்தாலும் சரி.

சீல் உரசும் பகுதியில் நகத்தை ஓட்டுங்கள். நகம் சிக்கும் அளவுக்குத் துருக்குழி இருந்தால் புது சீலும் சில நாட்களில் கிழியும். எமரித் தாளால் தேய்த்துக் குழியைப் போக்க முயன்றால் குழாய் மெலியும். நல்ல பட்டறையில் கெட்டிக் குரோம் பூசி, பழைய அளவுக்குச் சாணை பிடித்துத் தருவார்கள். அல்லது குழாயை மாற்ற வேண்டும்.

இரண்டு ஸ்பிரிங்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். உயரம் வேறுபட்டால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று மட்டும் புதிதானால் ஒரு கால் சுமக்கும், மறு கால் சும்மா வரும். புஷ்ஷைக் குழாயில் போட்டுப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். சறுக்க வேண்டும், கடகடக்கக் கூடாது. ஆயில் சீல் நன்றாக இருப்பது போலத் தோன்றினாலும் மாற்றிவிடுங்கள். இத்தனை வேலைக்கும் நடுவில் மிக மலிவான பொருள் அதுதான்.

கோன் செட்டில் ஆட்டம் இருந்தால் இதோடு சேர்த்து அதையும் பார்த்துவிடலாம். பழைய புல்லட்டில் மேலே 19, கீழே 19 என்று கால் அங்குல விட்டமுள்ள குண்டுகள் இருக்கும். கழற்றும்போது அவை தரையெங்கும் ஓடும். கீழே துணி விரித்துவிட்டு எண்ணிப் பாருங்கள். குண்டு ஓடும் பாதையில் வரிசையாகப் பள்ளம் விழுந்திருந்தால் குண்டுகளை மட்டும் மாற்றிப் பயனில்லை, முழு செட்டையும் மாற்ற வேண்டும்.

உதிரி பாகங்களுக்குத் தில்லியில் கரோல் பாகும், சென்னையில் புதுப்பேட்டையும் பேர் பெற்றவை. பழைய பாகத்தைக் கையோடு எடுத்துச் சென்று அருகில் வைத்து அளந்து வாங்குங்கள். 'எல்லாம் ஒன்றுதான் சார்' என்று கடைக்காரர் சொன்னாலும் அளவுக் கருவி சொல்வதை நம்புங்கள்.

திரும்ப மாட்டுதல்

கழற்றிய வரிசையைத் தலைகீழாகத் தொடர்ந்தால் போதும். ஆனால் நான்கு இடங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது, ஆயில் சீலின் திசை. மெல்லிய கம்பிச் சுருள் சுற்றிய உதடு எண்ணெய் இருக்கும் பக்கம், அதாவது கீழ்நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் முதல் நாளே ஒழுகும். குழாய் முனையின் கூர்மையும் மரையும் சீலின் உதட்டை அறுக்காதபடி, முனையில் வழுவழுப்பான தாளைச் சுற்றி எண்ணெய் தடவி, அதன் மேல் சீலை ஏற்றுங்கள்.

இரண்டாவது, எண்ணெய். காலுக்குச் சுமார் 200 மில்லி. கைப்புத்தகம் சொல்லும் தரத்தையும் அளவையும் பின்பற்றுங்கள். மருந்து அளக்கும் குவளையால் அளந்து, மேல் பிளக் வழியாக மெதுவாக ஊற்றி, கீழ்க்குழாயைச் சில முறை ஏற்றி இறக்குங்கள். இரண்டு கால்களுக்கும் அளவு ஒன்றாக இருப்பது முக்கியம். 'கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டுமே' என்று ஊற்றினால், உள்ளே காற்றுக்கு இடமில்லாமல் புது சீலைப் பிதுக்கிவிடும்.

மூன்றாவது, பிரேக் தட்டின் பிடிப்பு. டிரம் மூடி சுழலாமல் இருக்க ஃபோர்க் காலில் ஒரு பிடி உண்டு. சக்கரத்தை ஏற்றும்போது மூடி அந்தப் பிடியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள், பிறகு கையால் அசைத்தும் பாருங்கள். இது விடுபட்டால், முதல் முறை பிரேக் பிடித்ததும் மூடியே சுழன்று கேபிளை அறுத்துச் சக்கரத்தைப் பூட்டிவிடும். இந்தக் கட்டுரை முழுவதையும் மறந்தாலும் இந்த ஒரு வரியை மறக்க வேண்டாம்.

நான்காவது, ஆக்சில் மூடிகள். நான்கு நட்டுகளையும் முதலில் கைப்பிடிப்பாக மட்டும் இறுக்குங்கள். வண்டியை இறக்கி, ஹேண்டிலைப் பிடித்து நாலைந்து முறை அழுத்தி எழுப்புங்கள். இரண்டு கால்களும் தாமாகவே இணையாகி நிற்கும். அதன் பிறகு நட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முழுப் பிடிப்பாக்குங்கள்.

கேபிளை மாட்டி, பிரேக்கைச் சரிசெய்து, தள்ளிக்கொண்டு நடக்கும்போதே பிரேக் பிடித்துப் பாருங்கள். பிறகு போக்குவரத்து இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டுங்கள். சில கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகள் அனைத்தையும் மறுபடி சோதியுங்கள். மேல்குழாயை வெள்ளைத் துணியால் துடையுங்கள். மெல்லிய ஈரம் இயல்பு, வளையமாக எண்ணெய் நின்றால் சீல் சரியில்லை. வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல், கழிவு எண்ணெய் சேர்க்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

அசல் பாகமும் சட்டமும்

2021ல் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி விண்டேஜ் வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, அசல் வடிவில், சட்டத்திலும் உடற்கூட்டிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்யப்படாமல் இருக்கும் இருசக்கர, நான்கு சக்கர வண்டிகள் அதற்குத் தகுதி பெறும். அப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கு ஓட்டலாம், அன்றாட உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது. தில்லியில் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகள் சாலையில் ஓடுவது குறித்து 2014ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் 2018ல் உச்ச நீதிமன்றமும் ஆணை பிறப்பித்தன. அதற்குப் பின்னும் இவ்விஷயம் நீதிமன்றத்தின் முன் வந்திருக்கிறது. ஆகவே வண்டியைத் தெருவில் இறக்குமுன் அன்றைய விதியைப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இந்தச் சட்டத்தைப் பற்றிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'பழசை ஏன் நோண்டுகிறீர்கள், புது மாடல் ஃபோர்க்கையே போட்டுவிடலாம்' என்று பட்டறையில் யோசனை சொல்வார்கள். அவர்களுக்கு வேலை சுலபம். ஆனால் ஃபோர்க்கை மாற்றினால் விளக்குக் கூடு மாறும், சக்கரம் மாறும், பிரேக் மாறும். கடைசியில் நம்பர் பிளேட் மட்டுமே தாத்தாவுடையதாக மிஞ்சும். உயிருக்கு ஆபத்தான பாகத்தை இரக்கமின்றி மாற்றுங்கள். சீர்செய்யக் கூடியதைச் சீர்செய்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் துணியில் சுற்றிப் பெயர் எழுதி வையுங்கள்.

இந்த ஃபோர்க்கைக் கைகளாலேயே அறிந்த மெக்கானிக்குகள் இன்று வயதானவர்களாகி வருகிறார்கள். அவர்களிடம் வேலை கற்க வரும் பிள்ளைகள் புது வண்டிகளைத்தான் கற்கிறார்கள். அத்தகைய ஒருவர் உங்கள் பேட்டையில் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகனையோ மகளையோ கூட்டிக்கொண்டு போய் அருகில் உட்காருங்கள். அவர் கழற்றும் வரிசையை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். வண்டியை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும்போது சாவியோடு அந்த நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள்.